டப்பா பொய் சொல்லாது

அத்தியாயம் 17

போன வாரம் அக்காவைக் கையில் ஒரு கடிதத்தோடு நிற்கவைத்துவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டோம். ஏழு நாளாக அவள் நின்றுகொண்டே இருக்கிறாள், உட்காரவாவது சொல்லக்கூடாதா என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். தாராளமாகச் சொல்லலாம். ஆனால் கடிதத்தைப் படித்து முடித்தபிறகு அவளுக்கு உட்காரத் தோன்றுமா என்பதுதான் சந்தேகம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற கம்பெனி இது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வெள்ளை டப்பா செய்கிறார்கள். மருந்துக்கடையிலோ சின்ன ஆஸ்பத்திரியிலோ மருந்து வைக்கும் பிரிட்ஜுக்குள் அதை வைத்துவிட்டால் போதும். உள்ளே குளிர் குறைந்தால் டப்பா அலறும். இன்டர்நெட் வழியாகக் கடைக்காரரின் போனுக்கும் செய்தி போகும். டப்பாவை உருவாக்கியவன் தம்பி. ஊர் ஊராகப் போய் விற்றுவிட்டு வருகிறவள் தம்பி மனைவி. வாங்கியவர்களின் அழுகையை நாள் பூராவும் போனில் கேட்பவள் அக்கா. 'போன் அக்கா' என்றால் நாலாயிரம் கடைகளுக்குத் தெரியும். குரலை வைத்தே யாருக்குச் சளி, யாருக்கு வீட்டில் சண்டை என்று சொல்லிவிடுவாள்.

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமத்திலிருந்து கையெழுத்துப் போட வருகிறார்கள். அறுபது ஆஸ்பத்திரிகளுக்கு டப்பா. தம்பி மனைவி எட்டு மாதம் நடையாய் நடந்து கொண்டுவந்த ஒப்பந்தம். அதில் ஒரு வரி, இருபத்திநாலு மணி நேரமும் போன் எடுக்க வெளியிலிருந்து ஒரு குழுவை அமர்த்தவேண்டும் என்கிறது. அப்படியென்றால் அக்காவின் நாற்காலிக்கு வேலையில்லை. இதைத் தம்பி மனைவி மென்று முழுங்கிச் சொன்னதையும், "எனக்கும் ஐம்பத்திரண்டு ஆச்சு, காது கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்று அக்கா சிரித்ததையும், பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பத்து நிமிடம் நின்றதையும் நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள்.

சரி, கடிதத்துக்கு வருவோம்.

எழுதியவள் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி செய்கிற பெண். 'இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. அதனால்தான் தபால்' என்று ஆரம்பித்திருந்தாள். அம்மாவின் இன்சுலினுக்காக ஒரு டப்பா வாங்கினாளாம். எதை வாங்கினாலும் திருகாணியைக் கழற்றி உள்ளே பார்த்துவிடும் பழக்கமாம். உள்ளே ஆறு இலக்க எண் ஒன்று இருந்திருக்கிறது. இன்னொரு டப்பா வாங்கிக் கழற்றினாள். அதிலும் அதே எண். அது தெரிந்த எவரும் எங்கே உட்கார்ந்துகொண்டும் எந்த டப்பாவுக்குள்ளும் நுழையலாம், அலாரத்தையும் போனுக்குப் போகிற செய்தியையும் நிறுத்தலாம்.

'இதை நான் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பே யாரோ இந்த எண்ணை, இணையத்தில் இப்படிப்பட்ட ரகசியங்களைப் பரிமாறிக்கொள்ளும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். சிலர் விளையாட்டாக முயன்று பார்ப்பதாகத் தெரிகிறது. தயவுசெய்து சரிசெய்யுங்கள். உங்களிடம் வாங்கியவர்களிடமும் சொல்லுங்கள். மூன்று மாதம் காத்திருப்பேன். அதுவரை நான் வெளியே எதுவும் எழுதமாட்டேன்.'

அந்த எண்ணை அக்கா மனப்பாடமாகச் சொல்வாள். அது அவர்கள் அப்பா வீட்டில் இருந்த பழைய போனின் நம்பர்.

அதை எல்லா டப்பாக்களிலும் போடவைத்தவளும் அவள்தான்.

ஆரம்பத்தில் டப்பா வாங்கியவர்கள் ஒருத்தர் விடாமல் பாஸ்வேர்டை மறந்தார்கள். மறந்துவிட்டு, அலாரம் அலறுகிற நேரத்தில் போன் செய்தார்கள். "போன் அக்கா, கடை நிறைய ஆளுங்க நிக்கிறாங்க, இது கத்திக்கிட்டே இருக்கு, ஏதாவது பண்ணுங்க!" படிவம் நிரப்பி அனுப்புங்கள், இரண்டு நாளில் புது பாஸ்வேர்டு வரும் என்று சொல்ல அக்காவுக்கு மனசு வரவில்லை. "டேய், எனக்கு மட்டும் ஒரு சாவி கொடுடா, எல்லா டப்பாவுக்கும் ஒண்ணு. நான் இங்கேயிருந்தே நிறுத்திக் கொடுத்துடறேன்" என்று தம்பியைப் பிடுங்கி எடுத்தாள். அவனும் கொடுத்தான். அக்கா உள்ளே போய் நிறுத்தியதும், டப்பாவின் பதிவில் 'கடையில் நிறுத்தப்பட்டது' என்று விழுகிற மாதிரியும் செய்தான். வெளியிலிருந்து ஓர் ஆள் உள்ளே வரமுடியும் என்று தெரிந்தால் கடைக்காரர்கள் பயப்படுவார்களே!

நல்ல மனசோடு செய்த காரியம். அதனால்தான் ஆறு வருஷமாக ஒருத்தருக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

பதினொன்றரை மணிக்குத் தம்பி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறிவந்தான். கீழே டப்பா பூட்டுகிற இருபத்திரண்டு பேருக்கும் இன்று புதுச் சட்டை போட்டு வரச் சொல்லியிருந்ததால் அவனும் ஒன்று போட்டிருந்தான். கழுத்துப் பட்டைக்குள் கடையின் விலை அட்டை அப்படியே இருந்தது.

அக்கா கடிதத்தை நீட்டினாள். படிக்கப் படிக்க அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"ரெண்டு மெயில் வந்துச்சு. ஏதோ காசு புடுங்கற கும்பல்னு நினைச்சு தூக்கிப் போட்டுட்டேன்க்கா."

"உண்மையா இது?"

"எண் நம்ம எண்தானே. உண்மையாத்தான் இருக்கும்." நாற்காலியில் சரிந்தான். உடனே எழுந்தான். "மூடிடலாம். எல்லா டப்பாவும் நம்ம சர்வர் வழியாத்தான் பேசுது. அந்த எண் எங்கேயிருந்து வந்தாலும் உள்ள விடாதேன்னு ஒரு பூட்டு போட்டுட்டாப் போதும். ஒரு மணி நேர வேலை. யாருக்கும் தெரியவே தெரியாது."

"தெரியவேண்டாமாடா?"

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏற்கெனவே கீபோர்டில் விரல் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டரைக்குள் பூட்டும் போட்டுவிட்டான். வேலை என்று வந்துவிட்டால் அவனைப்போல ஆள் கிடையாது, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். "முடிஞ்சுது. இனிமே ஒரு ஈ நுழைய முடியாது" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

அக்கா சிரிக்கவில்லை. அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று வாரம். இருபத்தொரு நாள். அதற்குள்...

"டேய்! மருந்துக்கடை அம்மா! பெரிய ரோட்டு முனையில இருக்கே, அந்தக் கடை. பன்னெண்டு நாளைக்கு முன்னாடி பிளக் கழண்டு பிரிட்ஜ் நின்னு போய் எல்லா மருந்தும் வீணாப் போச்சுன்னு அழுதாங்களே!"

"அது அலாரத்த அவங்க கடையாளே நிறுத்திட்டதால வந்த வினைக்கா. பதிவுல இருந்துச்சே, கடையில் நிறுத்தப்பட்டதுன்னு..."

சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்தப் பதிவு எப்படி விழும் என்பது அவனைவிட யாருக்குத் தெரியும்?

"பாரு. அந்தக் கட்டளை எங்கேயிருந்து வந்துச்சுன்னு பாரு."

சர்வரில் தேடினான். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. கடையிலிருந்து வரவில்லை. அக்காவின் மேஜையிலிருந்தும் வரவில்லை. முன்பின் தெரியாத எங்கிருந்தோ வந்திருந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல், யாரோ ஒருத்தர் பொழுது போகாமல் ஆறு எண்களைத் தட்டி, முகம் தெரியாத ஒரு கடையின் அலாரத்தின் வாயை அடைத்திருக்கிறார். அது அலறியிருந்தால் பிளக் கழன்றதைப் பார்த்திருப்பார்கள்.

அன்றைக்கு நடந்தது அக்காவுக்கு வரி வரியாக ஞாபகம் வந்தது. மருந்துக்கடை அம்மா போனில் பொரிந்து தள்ளிவிட்டு, "கடையில அப்ப எங்க பெரியவர் மட்டும்தான் இருந்தார். அவர் தொடவே இல்லைங்கறார். நீங்களே கேளுங்க" என்று போனை அவரிடம் கொடுத்தாள். இருபத்தாறு வருஷமாக அந்தக் கவுண்டரில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர். வயது அறுபத்தொன்று. "நான் நிறுத்தலைம்மா. நிச்சயமாத் தெரியும்" என்றார்.

அதற்கு அக்கா சொன்னது இது: "ஐயா, எங்க டப்பா பொய் சொல்லாதுங்க. நிறுத்திட்டு மறந்திருப்பீங்க. வயசாகுதுல்ல, எல்லாருக்கும் வர்றதுதானே."

ஆறுதலாகத்தான் சொன்னாள். இப்போது நினைத்தால் காதைப் பொத்திக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

"போன் போடறேன்டா. இப்பவே சொல்லிடறேன்."

"அக்கா, இரு, இரு!" தம்பி போனின் மேல் கையை வைத்தான். "நான் சொல்லவேண்டாங்கல. மூணு மணிக்கு வர்றாங்க, நாலு மணிக்குப் போயிடுவாங்க. நாலு அஞ்சுக்கு நீ பேசு. பன்னெண்டு நாள் போயிடுச்சு. இன்னும் ஒரு ரெண்டு மூணு மணி நேரம்."

வாசலில் தம்பி மனைவி நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, எவ்வளவு கேட்டாளோ. கையில் மூன்று மணிக்காரர்களுக்கான கோப்பு.

"விஷயத்த முழுசா எங்கிட்டயும் சொல்லுங்க" என்றாள்.

சொன்னார்கள். கடிதத்தையும் படித்தாள். கோப்பைத் திறந்து, ஒப்பந்தத்தில் ஏழாம் பக்கத்தை எடுத்துக் கணவன் முன்னால் வைத்தாள். 'இதுவரை வெளியாள் எவரும் எங்கள் கருவிகளுக்குள் நுழைந்ததில்லை.' கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"எல்லா ஒப்பந்தத்துலயும் இருக்கற வரிதானே" என்றான் தம்பி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஆமா. எல்லாத்துலயும் இருக்கும். கையெழுத்துப் போடறவங்க யாரும் நம்மள மாதிரி இப்பத்தான் சர்வரைப் பாத்துட்டு வந்திருக்க மாட்டாங்க, அவ்வளவுதான்." அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நான் மனசாட்சி இல்லாதவ இல்ல. ஆனா இது கை நழுவினா ஆறு மாசத்துல கீழ பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பணும். அது உங்களுக்கும் தெரியும். பூட்டுதான் போட்டாச்சே. இன்னும் மூணு மணி நேரம் மட்டும் பொறுத்துக்குங்க."

அக்கா இருவரையும் பார்த்தாள். எதிரில் நிற்பது வில்லனும் வில்லியும் அல்ல. பயந்துபோன இரண்டு பேர். தம்பிக்குப் பத்து வயதில் ஜுரம் வந்தபோது எப்படி விழித்தானோ அதே விழி.

"சரி. நாலு அஞ்சு" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டு மூடினாள். வந்த போன்களுக்கெல்லாம் பதில் சொன்னாள். பேட்டரி மாற்றுவது எப்படி என்று கேட்டவருக்குக் கம்பெனி விலாசம் சொன்னாள். விலாசம் கேட்டவருக்குப் பேட்டரி மாற்றச் சொல்லிக்கொடுத்தாள்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்கள். மூன்று பேர். நடுவில் வந்தவர் மேலாளர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்ட ஒரு பெண்மணி. தம்பி மனைவி அவர்களைச் சிரித்த முகமாக அழைத்துக்கொண்டு எதிர் அறைக்குள் போனாள். தம்பி கடைசியாகப் போய்க் கதவைச் சாத்தினான். கழுத்துப் பட்டைக்குள் கடை அட்டை இன்னும் இருந்தது.

அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. சொல்லத்தானே கூடாது? விசாரிக்கலாமே! டப்பா ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வாடிக்கையாளரை விசாரிப்பது அவள் வேலைதானே. இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்க போன் அக்கா" என்றாள் மருந்துக்கடை அம்மா. குரலில் உயிரே இல்லை.

"சும்மாத்தான்மா. டப்பா எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு."

"அது நல்லாத்தான் இருக்கு. நாங்கதான் நல்லா இல்ல."

"ஏம்மா? பெரியவர் எப்படி இருக்கார்? வேலையவிட்டு எடுத்துட்டீங்களா?"

"ஐயையோ, நான் ஏன் எடுக்கறேன்? போனா போகுது, மருந்துதானே, நீங்க இருங்கன்னு காலில விழாத குறையாச் சொன்னேன். கேக்கல. நீங்க அன்னைக்குப் பேசினீங்கள்ல, அன்னைக்குச் சாயங்காலமே கடைச் சாவிய என் கையில கொடுத்துட்டார். 'நான் நிறுத்தினது எனக்கே ஞாபகம் இல்லன்னா, இன்னும் என்னெல்லாம் மறந்தேனோ தெரியலையே. நாளைக்கு யாருக்காவது மாத்தி மருந்து கொடுத்துட்டா உயிர்ல போய் முடியும்'னு சொன்னார். அதுக்கப்புறம் அவரை நான் என்ன சொல்லித் தடுக்கறது?"

அக்கா போனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப?"

"போய்ப் பாத்தேன். பாக்கவே முடியல. அடுப்புப் பக்கம் போறதில்லையாம், பத்தவச்சுட்டு மறந்துடுவேன்னு. பேரப்பிள்ளையத் தூக்கறதில்லையாம். எங்கேயாவது இறக்கி விட்டுட்டு மறந்துட்டா? சட்டைப் பையில ஒரு சீட்டு, அதுல அவர் வீட்டு விலாசம். அவரே எழுதி வச்சிருக்கார். இருபத்தாறு வருஷம் என் அப்பா கடையைத் தாங்கின மனுஷன், போன் அக்கா!" அவள் அழுதுவிட்டாள். "அடுத்த வாரம் மூளைக்கு ஏதோ படம் எடுக்கக் கூட்டிட்டுப் போறாங்களாம்."

அக்கா என்ன சொல்லி போனை வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து. நாலு அஞ்சுக்கு இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம்.

அதில் ஒரு நிமிடத்தைக்கூட அவளால் உட்கார்ந்து கழிக்க முடியாது.

எழுந்தாள். எதிர் அறைக் கதவு வரைக்கும் போனாள். அங்கே கை நின்றுவிட்டது. நாளைக்கு என்ன பேசுவார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நாற்காலி போகிறதென்று தாங்கமுடியாமல் ஒப்பந்தத்தைக் கெடுத்தாள் என்பார்கள். தம்பி மனைவி வாயால் சொல்லாவிட்டாலும் மனசில் நினைப்பாள். ஏன், அப்படிக் கொஞ்சம் தன் மனசுக்குள்ளேயே இருக்கிறதோ என்றுகூட அக்காவுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காக ஒரு மனிதர் சட்டைப் பையில் விலாசச் சீட்டோடு உட்கார்ந்திருக்கவேண்டுமா?

கதவைத் தட்டினாள். "தம்பி, ஒரு நிமிஷம்."

வெளியே வந்தவன் கதவைச் சாத்துவதற்குள் அவன் மனைவியும் பின்னாலேயே வந்துவிட்டாள். உள்ளே பேனா திறந்தாகிவிட்டதாம். ஏழாம் பக்கத்துக்கு இன்னும் இரண்டு பக்கம்தான் பாக்கியாம்.

அக்கா மூச்சு விடாமல் சொன்னாள். அடுப்பு, பேரப்பிள்ளை, சீட்டு, எல்லாவற்றையும்.

"அவர் வேலை மட்டும் போயிருந்தாக்கூட நாளைக்குத் திரும்ப வாங்கிக் கொடுத்துடலாம்டா. அவர் நம்பிட்டார். தன்னைவிட நம்ம டப்பாவ நம்பிட்டார். நான் சொன்னேன்னு நம்பிட்டார்." அவள் கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "உனக்குக் கொடுத்த வார்த்தையை நான் மீறறேன். நீ என்ன வேணா திட்டிக்கோ."

தம்பி சுவரில் சாய்ந்துகொண்டான். அந்தப் பதிவில் அப்படி விழவேண்டும் என்று எழுதியது அவன் கை. அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லன்னு நினைச்சுக்காதீங்க அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "இருக்கு. நிறைய இருக்கு. எட்டு மாசம் அவங்க வாசல்ல காத்துக் கெடந்தது நான்."

"தெரியும்மா."

"அந்தக் கடிதத்தைக் கொடுங்க."

அக்கா கொடுத்தாள். தம்பி கையை நீட்டி, "நானே போய்ச் சொல்றேன்" என்றான்.

"நீங்க சொன்னா உளறிக் கொட்டுவீங்க. உங்களுக்கு நிதானமாப் பேச வராது." அவள் கடிதத்தை நாலாக மடித்தாள், பிறகு பிரித்து நீவிவிட்டாள். "நான் கொண்டுவந்த ஒப்பந்தம். நானே சொல்லிக்கறேன். நீங்க அண்ணி கூட இருங்க."

போகிற போக்கில் கணவனின் கழுத்துப் பட்டைக்குள் விரலை விட்டு அட்டையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அக்கா தன் மேஜைக்கு வந்தாள். பெரியவரின் வீட்டு எண் அவள் நோட்டில் மருந்துக்கடைக்கான பக்கத்தில் இரண்டாவதாகக் குறித்து வைத்திருந்தது. எடுத்தது அவர் மனைவி.

"அவர் யார்கிட்டயும் பேசறதில்லைங்க. பேசினதை மறந்துடுவேன்னு பயம்."

"மறக்கமாட்டார்மா. நான் சொல்லப்போறதை அவர் மறக்கவே மாட்டார். தயவுசெஞ்சு கொடுங்க."

நிறைய நேரம் ஆயிற்று. செருப்பு தேயும் சத்தம், நாற்காலி நகரும் சத்தம். பிறகு ஒரு தொண்டைச் செருமல்.

"ஐயா, நான் டப்பா கம்பெனி போன் அக்கா பேசறேன்."

"சொல்லுங்கம்மா."

நாலாயிரம் கடைகளுக்கு மடைதிறந்த மாதிரி பேசுகிறவளுக்கு அன்று முதல் வார்த்தை வரவில்லை. தம்பி ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அவள் அதைத் தொடவில்லை.

"ஐயா, அன்னைக்கு அலாரத்த நீங்க நிறுத்தலை. வெளியிலிருந்து வேற யாரோ எங்க டப்பாக்குள்ள புகுந்து நிறுத்தியிருக்காங்க. அதுக்கு வழிவிட்டது நாங்க. கடையில நிறுத்தினதாப் பதிவு விழும்படி வச்சதும் நாங்கதான். இன்னைக்குத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. நீங்க சொன்னது அத்தனையும் சத்தியம். நான் சொன்னதுதான் தப்பு. உங்க ஞாபகத்துக்கு ஒண்ணும் இல்லைங்க ஐயா. ஒண்ணுமே இல்ல."

லைன் இருக்கிறதா என்று அக்கா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றது அந்தக் குரல்.

சொன்னாள்.

"இதை என் வீட்டுக்காரிகிட்டயும் சொல்லுங்க. நான் சொன்னா, என்னைத் தேத்தறதுக்காக நானே சொல்லிக்கறேன்னு நினைப்பா."

அந்த அம்மாளிடமும் சொன்னாள். அங்கே அழுகை வெடித்தது. "தொடலை, தொடலைன்னு படிச்சுப் படிச்சு சொன்னாரே!" என்று அந்த அம்மாள் யாரையோ திட்டுவதும், பெரியவர் "சரி, விடு, விடு" என்று அடக்குவதும் கேட்டது. திட்டட்டும், இன்னும் நன்றாகத் திட்டட்டும் என்று அக்கா காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரியவர் மறுபடியும் போனுக்கு வந்தார். குரல் மாறியிருந்தது. கவுண்டரில் நின்று சீட்டைப் படிக்கிற ஆளின் குரல்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். எங்க கடையில மட்டும்தான் புகுந்தாங்களா?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"இன்னும் பாக்கலைங்க ஐயா."

"பாக்கலையா? எங்க பிரிட்ஜ் முழுசா நின்னு போய் தண்ணி வழிஞ்சுது, அதனால தெரிஞ்சுது. எல்லாத்தையும் தூக்கிப் போட்டோம். வேற கடையில ரெண்டு மணி நேரம் சூடேறி மறுபடியும் குளிர்ந்திருந்தா? மருந்தப் பாத்தா வித்தியாசமே தெரியாதும்மா. ஊசி போட்டுக்கிட்டே இருப்பாங்க, வேலைதான் செய்யாது."

"ஐயா, உங்ககிட்ட நான் முதல்ல மன்னிப்பு..."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல அவங்களுக்குப் போன் போடுங்க."

வைத்துவிட்டார்.

தம்பி கணினியைத் தன் பக்கம் இழுத்தான். இருபத்தொரு நாள், நாலாயிரம் டப்பா, அந்த ஆறு எண்கள், அக்காவின் மேஜையிலிருந்து வராத கட்டளைகள் மட்டும். தேடல் ஓடியது. எதிர் அறையில் யாரும் பேசுகிற சத்தமே கேட்கவில்லை. அங்கே அந்த மேலாளர் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாரா, படித்து முடித்துவிட்டாரா, ஏழாம் பக்கம் என்ன ஆயிற்று, ஒன்றும் தெரியவில்லை.

திரையில் பதினான்கு வரிகள் விழுந்தன.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாகப் படித்தாள். பல் மருத்துவர் ஒருவர். இரண்டு மருந்துக்கடைகள். முதியோர் இல்லம் ஒன்று. எல்லாக் குரல்களும் அவளுக்குத் தெரியும். கடைசி வரிக்கு வந்தபோது விரல் நின்றது. குழந்தைகள் கிளினிக். தேதி இன்றைய தேதி. அலாரம் நிறுத்தப்பட்ட நேரம் காலை ஒன்பது பத்து. தம்பி பூட்டுப் போடுவதற்கு மூன்று மணி நேரத்துக்கும் மேல் முன்னால்.

"உள்ள இப்ப எவ்வளவு சூடு காட்டுது?"

தம்பி பார்த்தான். எண்ணைச் சொன்னான். கிளினிக் பிரிட்ஜில் இருக்கவேண்டியதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

அக்கா கிளினிக்குக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. நர்ஸ் அம்மா மதியம் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, குட்டித் தூக்கம் போட்டுவிட்டு வருவாள் என்பது அக்காவுக்குத் தெரியும். கிளினிக் கைபேசியை வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டாள் என்பதும் தெரியும். நாலு மணிக்குக் கதவைத் திறப்பார்கள். திறந்ததும் தடுப்பூசிக்கு வரிசை ஆரம்பமாகும்.

மணி மூன்று முப்பத்தெட்டு. போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.